இவரைத் தெரியுமா?

"அந்தப் பக்கத்தை அழிச்சிடுங்க சார்."

கேட்டே விட்டேன். வேலையில் சேர்ந்த அன்று முதலாளி எனக்குப் போட்ட ஒரே கட்டளை அதுதான். என்ன வேண்டுமானாலும் கேள், சம்பளத்தைக் கூட்டிக் கேள், சண்டை போட்டுக் கேள். உறுப்பினர் ஒருவரை எடுக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. எங்கள் 'கூடு' தளத்துக்குள் வந்து சேரும் ஆட்களின் எண்ணிக்கையை அவர் மேசைக்குப் பின்னாலிருக்கும் கரும்பலகையில் தினமும் தன் கையாலேயே எழுதுவார். அது ஏறித்தான் பார்த்திருக்கிறேன்.

முதலாளி டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரோட பக்கம்?"

"தும்பின்னு ஒருத்தங்க."

"அவங்க கேட்டாங்களா?"

"நான் கேக்கறேன்."

"ஏம்மா, இன்னைக்கு மத்தியானம் தளத்தை வாங்கறவங்க பாக்க வர்றாங்க. இன்னைக்குப் பாத்து எண்ணிக்கையில கை வைக்கச் சொல்றியே, நல்லா இருக்கியா நீ?"

"ஒரே ஒரு ஆள் சார்."

"ஒரு ஆளுக்குக் கதவைத் திறந்தா நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும்."

மூலையிலிருந்து நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது. தளத்துக்கு நிரல் எழுதுகிறவன். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்கு இங்கே அதுவே பெயர்.

"கதவே இல்ல சார், எங்கிருந்து திறக்கறது?" என்றான் கண்ணாடி. "உள்ள வர்ற வழி மட்டும்தான் எழுதினோம். வெளிய போறதுக்கு எழுதவே இல்ல. ஒருத்தரை உருவினா அவங்க எழுதினது, அவங்களுக்கு எழுதினது எல்லாம் சேந்து சரியும். தளமே படுத்துடும்."

ஏதோ சாதனை செய்தவன் போலச் சிரித்தான். எனக்குக் கை துறுதுறுவென்றது.

"அப்போ காலையில போட்டியே அந்தப் பெட்டி, அதையாவது எடு."

"அதையா? அதைக் காட்டித்தானே இன்னைக்கு விக்கப் போறோம்!" என்றார் முதலாளி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்றுவரை கூட்டில் நீங்கள் தேடிப் போனால்தான் ஆள் கிடைப்பார். ஒருவருடைய நண்பர்கள் யாரென்று இன்னொருவருக்குத் தெரியாது. இன்று காலையிலிருந்து எல்லோர் பக்கத்திலும் வலது ஓரத்தில் ஒரு பெட்டி. 'இவரைத் தெரியுமா?' என்று கேட்டு ஒரு முகத்தைக் காட்டும். அதன் கீழே, உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கும் பொது நண்பரின் பெயரையும் போடும்.

உறுப்பினர் சேவை என் வேலை. அதாவது வசவு வாங்குகிற வேலை. காலையில் உட்கார்ந்ததுமே கடிதங்கள் வந்து கொட்டின. 'நான் விட்டுட்டு வந்த ஆபீஸ் மேனேஜரை எதுக்கய்யா என் வீட்டுக்குள்ள கொண்டு வந்து நிறுத்தறீங்க?' என்று ஒருவர். 'என் மனைவியின் திரையில் என் கல்லூரித் தோழி வந்திருக்கிறாள். உடனே ஆவன செய்யவும்' என்று இன்னொருவர். சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாவது கடிதத்தின் பாதியில் நிறுத்தினேன். இந்தப் பெட்டி தும்பியை யாருக்குக் காட்டும்?

தும்பி என் அக்கா.

அவள் ஒரு நாள் ஒற்றைப் பையோடு புருஷன் வீட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பி வந்தாள். நானும் அம்மாவும் அவளை வேற்றூருக்கு பஸ் ஏற்றினோம். மணிக்கட்டு உடைந்ததற்கு 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்ல வைத்தவர் அவள் புருஷன், எனக்கு மாமா. 'குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க' என்று அனுப்பி வைத்தது காவல் நிலையம். அக்கா இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிறாள். ஊர் எதுவென்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டம் அக்கா இஸ்திரிப் பெட்டியோடு நின்ற வருடங்களில் வந்தது. இதைச் சொல்லும்போது யாராவது 'எவ்வளவு பெரிய தியாகம்!' என்று உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும் படிக்கத்தான் ஆசை இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவளிடம் போன் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டர் உண்டு. அதனால் அம்மாவுக்கு ஒரு பக்கம், அக்காவுக்குப் பொய்ப் பெயரில் ஒரு பக்கம் என்று கூட்டில் ஏற்பாடு செய்தேன். அம்மா சொல்வதை நான் தட்டுவேன். வரும் பதிலைப் படித்துக் காட்டுவேன். என் பெயரை மட்டும் அவளோடு இணைக்கவில்லை. மாமா முதலில் என்னைத்தான் நோண்டுவார். 'என் பேர்ல யார் வந்து நின்னாலும் நம்பாதே. நான் அங்க உன்னைத் தேடி வரவே மாட்டேன்' என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

படிவம் என்றால் எங்கள் குடும்பத்துக்கு உதறல். தப்பாக எழுதினால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள். பெயரில் மட்டும் பொய் சொல்ல அக்கா ஒருவாறு துணிந்தாள். அதற்குக் கீழே தளம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் உண்மையை நிரப்பியிருக்கிறாள். பிறந்த தேதி, படித்த பள்ளி, இருக்கும் ஊர். படம் கேட்டதற்குத் தான் மடித்து அடுக்கிய துண்டுகளின் படம். ஓரத்தை உள்பக்கம் செருகி மடிப்பது அவள் பழக்கம். அந்த மடிப்பை அறிந்த மனிதர் உலகத்தில் மூன்று பேர். அதில் ஒருவர் அந்தத் துண்டில் தினமும் முகம் துடைத்தவர்.

அந்த மூன்றாவது ஆள் கூட்டில் அம்மாவுக்கு நண்பர். எனக்கே இன்று காலைதான் தெரியும்.

சேவைத் திரையில் பார்த்தேன். மாமாவின் பெட்டியில் தும்பி வந்திருக்கிறாள். நடுவில் அம்மாவின் பெயர். அவர் நட்பு கேட்கவில்லை, ஒரு வரி எழுதவில்லை. தும்பியின் பக்கத்தைத் திறந்திருக்கிறார், மூடியிருக்கிறார். மறுபடி திறந்திருக்கிறார். மறுபடி. அப்போதுதான் எழுந்து போய் முதலாளியிடம் கேட்டேன்.

கேட்டுவிட்டு வெறுங்கையோடு என் இடத்துக்குத் திரும்பினேன். மாமா தளத்தை விட்டு வெளியேறியிருந்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பட்டியலில் வேறொரு பெயர் பச்சையாக எரிந்தது.

அம்மா.

அம்மாவுக்குக் கணினியைத் தொடவே பயம். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய கணினி ஒன்றை நான்தான் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். தூசி தட்டும்போதுகூட மௌஸைத் துணியால் பிடித்துத் தள்ளி வைப்பாள். நான் இல்லாமல் அந்தப் பெயர் எரிய வழியே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் மாமாவின் செருப்பு ஜோடியாக, சுவரையொட்டி நேராகக் கிடந்தது. அவர் எதையும் கோணலாக விடமாட்டார். பார்சல் கம்பெனியில் மேற்பார்வையாளர். முகவரி பாதி அழிந்து வரும் பொட்டலத்தைக்கூட ஆளைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவது அவருடைய பெருமை. கல்யாணத்துக்கு முன் அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அசந்து போயிருக்கிறோம்.

சமையலறையில் அவர் குடித்த டம்ளரை அவரே கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க பட்டதாரியம்மா. ஆபீஸ் இல்லையா?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"என்னடி பேச்சு இது?" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்த களைப்பு போய் முகம் மலர்ந்திருந்தது. "மாப்பிள்ளை எவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்காரு!"

"இருக்கட்டும் அத்தை. கோபம் இருக்கத்தான் செய்யும்." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "படிச்ச புள்ள இல்லையா, சூடு ஜாஸ்தி. உங்க கூடு ரொம்ப நல்லா இருக்கு மச்சினி. யார் யாரையோ கண்ணுல காட்டுது."

"அம்மா பக்கத்தைத் திறந்தது நீங்களா?"

"அத்தை பேசணும்னாங்க. நான் தட்டிக் கொடுத்தேன். தப்பா?"

"அக்கா உங்களோட வர மாட்டா."

"நான் கூப்பிடலையே!" சிரித்தார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் குரல் உயர்ந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "எங்க கம்பெனி வண்டி அந்தப் பக்கம் போகுது. அதுலயே போயிட்டு வந்துடறேன். வர்றேன் அத்தை. உடம்பைப் பாத்துக்குங்க."

எந்தப் பக்கம் என்று அம்மா கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் போனார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"எதுக்குக் கத்தறே? மன்னிப்பு கேக்கணும்னு வந்தாருடி. இந்த நாற்காலியில உக்காந்து அழுதாரு. ஆம்பளை அழுது நான் பாத்ததில்ல."

"அவர் எப்படி உனக்கு நண்பர் ஆனாரு?"

"போன மாசம் நீ குளிக்கப் போனப்போ அவரு படம் வந்துச்சு. படம் வந்தா சிநேகிதம் கேக்கறாங்கன்னு அர்த்தம், பச்சைப் பட்டனை அமுக்கணும்னு நீதானே சொல்லிக் குடுத்தே? மாப்பிள்ளை கேட்டு நிக்கும்போது இல்லன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு மூஞ்சியில முழிக்க வேணாமா?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையை உடைத்தவனிடம்கூட முகம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவள் மண்டையில் ஏற்றியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

"இன்னைக்கு என்ன எழுதச் சொன்னே?"

"நல்லா இருக்கியா, வேளாவேளைக்குச் சாப்பிடுன்னு சொன்னேன். உடனே பதிலும் போட்டா. எல்லாரையும் கேட்டேன்னு சொல்லுன்னாளாம். அவரு படிச்சுக் காட்டினாரு."

கணினியைத் திறந்தேன். அம்மாவின் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. இன்னொரு முறை தட்டினேன். மாற்றிவிட்டார். அக்கா இதுவரை அம்மாவுக்கு எழுதியது அத்தனையும் இப்போது அவர் கையில்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும்.

"ஏண்டி... நான் சொன்னதைத்தானே அவரு தட்டினாரு?"

தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியின் எண் மனப்பாடம். இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அவள் அங்கே வைத்திருக்கும் பெயரைச் சொல்லி, சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் என்றேன்.

"லாண்டரிக்கு லைன் இல்லையேம்மா," என்றாள் எடுத்த பெண். பின்னால் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "அவங்க அரை நாள் லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டாங்களாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், இங்க காட்டறதுக்கு பஸ்ல வர்றாங்களாம். சாயங்காலம் பஸ் நிலையத்துல போய்க் கூட்டிட்டு வரணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்க யாரு?"

"தங்கச்சி."

"என்னவோ, இன்னைக்கு எல்லாரும் அவங்களைத்தான் கேக்கறீங்க. காலையில ஒருத்தர் பேசினாரு, எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியும்னு. பார்சல் வந்திருக்குன்னாரு."

ரிசீவரை மாட்டிவிட்டு நின்றேன். பூத்துக்காரர், "என்னம்மா, கெட்ட சேதியா?" என்றார். "இன்னும் இல்ல," என்றேன். காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ஊருக்கு மதியம் போகிற பஸ் ஒன்றுதான். அது போய்ச் சேருவதற்குள் கம்பெனி வண்டி போய்விடும். அவரை முந்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் அலுவலகத்தில் இருந்தது. பஸ் நிலையத்துக்குக் கிளம்பும் முன் அக்கா பிரௌசிங் சென்டரில் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அம்மா பஸ்ஸை மாற்றியிருந்தால் என்ன செய்வதென்று பார்ப்பாள். அவள் அப்படித்தான், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறவள்.

வழியில் ஒரு வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு அலுவலகம் போனேன்.

வாங்க வந்தவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர், அவரோடு மடிப்புக் கலையாத கோட்டு போட்ட ஓர் அம்மாள். முதலாளி பெரிய திரையில் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"காலையிலிருந்து ஆளுங்க உள்ள இருக்கற நேரம் ரெண்டு மடங்காயிடுச்சு! பாக்கறாங்க, பாக்கறாங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க."

"யாரைப் பாக்கறாங்க சார்?" என்றேன் வாசலில் நின்றபடி.

முதலாளி என் கையைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், எங்கம்மா கணக்கைத் திருடிட்டாங்க. உடனே மீட்டுக் குடுங்க. ஒரு சேதி போடணும். எங்கக்கா உயிர் சார்."

"காவல் நிலையத்துக்குப் போம்மா."

"போனோம். பேசித் தீத்துக்கச் சொன்னாங்க."

அவர் ஒரு கணம் தரையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "இவங்க போகட்டும். போனதும் நானே உக்காந்து பாக்கறேன், சத்தியமா. அதுவரைக்கும் வாயைத் திறக்காம உக்காரு. பன்னிரண்டு பேர் சாப்பாடு இதுல இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

என் மேசையில் உட்கார்ந்தேன். தளம் பராமரிப்புக்கு நிற்கும்போதெல்லாம் உறுப்பினர் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு போகும். யார் திறந்தாலும் பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டையில் அது நிற்கும். முதலாளிக்குத் தமிழில் தட்டச்சு வராது. அவர் வாயால் சொல்வார், நான் அடித்து அனுப்புவேன். இன்று அவர் எதுவும் சொல்லவில்லை.

தட்டினேன்.

'அம்மா வரவில்லை. காலையில் வந்த சேதியைத் தட்டியது அம்மா அல்ல. பஸ் நிலையத்துக்குப் போகாதே. வேலை செய்யும் இடத்துக்கும் அறைக்கும் திரும்பாதே. நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார். நான் வருகிறேன். — உருண்டை.'

உருண்டை என்று என்னைக் கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவள். பிறந்தபோது அப்படி இருந்தேனாம்.

மாமாவும் உறுப்பினர்தான். இந்த வரி அவருக்கும் போகும். ஆனால் அவர் இப்போது வண்டியில் இருக்கிறார். அவர் முன்னால் சாலை மட்டும்தான் ஓடும். வழியில் எங்கும் இறங்கித் திரை பார்க்காதவரை எனக்கு நேரம் இருந்தது.

அனுப்பினேன்.

அறை முழுக்க ஒவ்வொரு திரையிலும் சிவப்பு ஏறியது. கண்ணாடி எழுந்து நின்றுவிட்டான். "ஏய், என்ன இது? யாருக்கு இது?"

என் சேவைத் திரையில் கடிதம் விழத் தொடங்கியது. நான் எதிர்பார்த்தது வசவு.

'யார் நீ? எங்க அம்மா வர்றதா சேதி வந்தது உனக்கு எப்படித் தெரியும்?'

'பஸ் நிலையத்துக்குக் கிளம்பிட்டேன். செருப்பு மாட்டினவ அப்படியே நிக்கறேன். தயவுசெஞ்சு பதில் போடு.'

'அறைக்கும் திரும்ப வேணாம்னா நான் எங்க போறது?'

ஒன்றன் கீழ் ஒன்றாக, அக்காவைப் போலவே யாரிடமிருந்தோ ஒளிந்திருக்கும், யாரென்றே தெரியாத பெண்கள். பெயரெல்லாம் பொய்ப் பெயர்கள்: மழை, வெள்ளிக்கொலுசு, யாரோ, ஊமைக்குயில். கண்ணாடி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இவ்வளவு பேரா?" என்றான்.

தும்பியின் பெயரைத் தேடினேன். காலையில் அம்மாவுக்குப் பதில் போட்டவள், அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை. பட்டையை அவள் இன்னும் பார்க்கவில்லை.

சாத்திய கதவு படாரென்று திறந்தது. முதலாளி வெளியே வந்தார். அவர் தோளுக்கு மேலாகக் கோட்டு அம்மாள் பெரிய திரையின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் போட்டது?"

"நான்தான் சார்."

"எடு அதை. இப்பவே எடு!"

"மாட்டேன். கண்ணாடி, இங்க உக்காரு. எழுதறவங்களுக்கெல்லாம் பதில் போடு. என்ன சொல்றதுன்னு தெரியலன்னா, தெரியலன்னே போடு. ஆனா போடு. தும்பி வந்தா, நான் கிளம்பிட்டேன்னு சொல்லு."

அவன் முதலாளியைப் பார்த்தான். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, நில்லு!" முதலாளியின் குரல் உடைந்தது. "இப்போ படி இறங்கினா திரும்பி வர்றப்போ இங்க உனக்கு வேலை இருக்காது. அவங்க முன்னாடி என்னை என்ன பண்ணிட்டே தெரியுமா? கொஞ்சம் பொறு, யோசிச்சு ஒரு முடிவெடுக்கலாம்."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது! பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். வரும் வழியிலேயே பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போக ஒன்று, வர இரண்டு.